விளம்பரம் சேகரித்த இளைஞர் 'சந்திரலேகா'வை விற்ற கதை: எஸ்.எஸ்.வாசன் கடந்து வந்த பாதை

சுங்கை பாக்காப் – எஸ்பிஎம் முடித்த பிள்ளை விளம்பரத் துறையிலோ, வடிவமைப்பிலோ, படம் எடுப்பதிலோ இறங்க வேண்டும் என்று சொன்னால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். அது சோறு போடுமா? சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் தெபால் வட்டாரத்துப் பெற்றோர் பலருக்குத் தெரிந்த பாதை வேறு. பத்து காவானிலோ புக்கிட் மின்யாக்கிலோ ஒரு தொழிற்சாலை வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், சேமநிதி. கரும்புத் தோட்டங்களால் உருவாகி, பின்னர் ரப்பரையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த இந்தப் பகுதியில், நிலையான வருமானத்தின் அருமை தெரியாதவர் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியில் தவறும் இல்லை.

ஆனால் அதே கேள்வியை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்ட ஒருவர் நம் தமிழினத்தில் இருந்தார். கையில் பட்டம் இல்லை, தந்தை இல்லை, முதலீடு இல்லை. அடுத்தவர் சரக்கை விற்றுக் கொடுக்கும் விளம்பர முகவராகத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் தமிழின் புகழ்பெற்ற வார ஏட்டுக்கும், இந்தியாவின் பெரிய படநிறுவனங்களில் ஒன்றுக்கும் அதிபரானார். அவர்தான் 'ஆனந்த விகடன்' ஆசிரியரும் ஜெமினி ஸ்டூடியோ அதிபருமான எஸ்.எஸ்.வாசன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து சென்னைக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர் வாசன். பெற்றோர் வைத்த பெயர் சீனிவாசன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் வாலாம்பாள் மகனின் படிப்பை முன்னிட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பச்சையப்பன் கல்லூரி வரை மகன் படித்தார். குடும்பச் சூழலால் பட்டப்படிப்பை முடிக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் படித்த இளைஞர்கள் நாடியது அரசாங்க குமாஸ்தா வேலையை. வாசன் அந்தப் பக்கம் போகவில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் விளம்பரம் சேகரித்து, அவற்றைப் பத்திரிகைகளில் வெளியிட்டுத் தரகு பெறும் வேலையில் இறங்கினார். கூடவே தபால் வழி வியாபாரமும் செய்தார். பொருட்களையும் புத்தகங்களையும் பத்திரிகையில் விளம்பரம் செய்து, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பி வைப்பதுதான் அந்த வியாபாரம்.

இன்றைய இணையக் கடைகளின் மூத்த அண்ணன் என்று அதைச் சொல்லலாம். வி.பி.பி. என்ற முறையில் பொட்டலம் வாங்குபவரின் வீட்டு வாசலுக்குப் போகும். தபால்காரரிடம் பணம் கட்டினால்தான் பொருள் கைக்கு வரும். வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டால் பொட்டலம் அனுப்பியவருக்கே திரும்பும். தபால் செலவு அனுப்பியவர் தலையில் விழும். ஆகவே விளம்பரத்தில் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டு. மந்தமாக எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். மிகையாக எழுதி, பொருள் அதற்கு ஈடாக இல்லை என்றால், அடுத்த முறை அந்தப் பெயரைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

எந்தச் சொல்லுக்கு மக்கள் காசு எடுக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து கடிதம் வருகிறது, எதை ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் கேட்கிறார் என்பதையெல்லாம் கல்லூரி கற்றுக்கொடுக்காத அந்த வயதில் வாசனுக்கு இந்தத் தொழில் கற்றுக்கொடுத்தது. விளம்பரம் என்பது வாங்குபவரிடம் முன்கூட்டியே பெறும் கடன். அதைப் பொருளால் அடைக்க வேண்டும். அவருடைய வாழ்க்கை முழுவதிலும் இந்தக் கணக்கைக் காணலாம்.

ஓர் எழுத்துக்கு 25 ரூபாய்

1926 பிப்ரவரியில் பூதூர் வைத்தியநாதய்யர் என்பவர் 'ஆனந்த விகடன்' என்ற நகைச்சுவை மாத இதழைச் சென்னையில் தொடங்கியிருந்தார். வாசன் அந்த இதழுக்கு விளம்பரம் கொடுத்து வந்தார். இதழ் பணமுடையில் தள்ளாடியது. 1927 இறுதியில் வெளிவராமல் நின்றும் போனது.

விளம்பரம் வெளிவரவில்லையே என்று விசாரிக்கப் போன வாசன், இதழையே விலைக்கு வாங்கிக்கொண்டு திரும்பினார். ஆனந்த விகடன் என்ற பெயரில் உள்ள எழுத்துகள் எட்டு. எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய்க்கு அந்தப் பெயர் கைமாறியது என்பது தமிழ்ப் பத்திரிகை உலகில் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. 1928 தொடக்கத்தில் இதழ் வாசனின் பொறுப்பில் மீண்டும் வெளிவந்தது.

நின்றுபோன பத்திரிகையை வாங்குவது பார்ப்பவர்களுக்கு வீண் வேலையாகத் தோன்றியிருக்கும். ஆனால் விளம்பர முகவரான வாசனுக்கு ஒன்று தெரியும். பத்திரிகைக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டு. ஒருவர் காசு கொடுத்து வாங்கும் வாசகர். இன்னொருவர் அந்த வாசகரை எட்டுவதற்காகப் பணம் கட்டும் விளம்பரதாரர். வாசகர் எண்ணிக்கை உயர்ந்தால்தான் விளம்பரக் கட்டணம் உயரும். விளம்பர வருமானம் வந்தால்தான் நல்ல எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் தகுந்த சம்பளம் கொடுக்க முடியும். நல்ல எழுத்து இருந்தால்தான் வாசகர் எண்ணிக்கை உயரும். இந்தச் சக்கரத்தை எங்கே பிடித்துச் சுழற்றுவது என்பதே கேள்வி. வாசன் எழுத்தாளரிடமும் ஓவியரிடமும் தொடங்கினார்.

வாசகரைப் பிடித்ததும் தக்க வைத்ததும்

1931-இல் ரா.கிருஷ்ணமூர்த்தி என்ற கல்கி விகடனில் சேர்ந்தார். ஏற்கெனவே விகடனுக்கு எழுதிப் பெயர் பெற்றிருந்தவர் அவர். அவருடைய கட்டுரைகளும் தொடர்கதைகளும் இசை, நாடக விமர்சனங்களும் தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளில் விகடனை எதிர்பார்த்துக் காத்திருக்க வைத்தன. மாலி கோடுகளால் சிரிக்க வைத்தார். எஸ்.வி.வி., தேவன், துமிலன் என்று நகைச்சுவை எழுத்தாளர்களின் வரிசை நீண்டது. மாத இதழாக இருந்த விகடன் நாளடைவில் வார இதழாக வளர்ந்தது.

வாசகரை ஈர்க்க வாசன் கையாண்ட இன்னொரு வழி, பரிசுத் தொகையுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டி. 1930-களில் அது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. கதை படிக்காதவர்கள்கூடப் போட்டிக்காக இதழை வாங்கினார்கள். விற்பனை ஏறியது. அதே வேளையில், மக்களின் பணத்தாசையைத் தூண்டுவது சரியா என்ற கண்டனமும் எழுந்தது. வாசனின் வாழ்க்கையைப் பேசும்போது இந்தப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. விற்பனை உத்தி எதுவாக இருந்தாலும் அதற்கு எல்லை எது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. போட்டி போய்விட்டது, எழுத்துதான் நின்றது. பிற்காலத்தில் விகடனை மக்கள் நினைவில் வைத்திருப்பது கல்கிக்காகவும், தேவனுக்காகவும், மாலி, கோபுலு, சில்பி ஆகியோரின் கோடுகளுக்காகவும், 1960-களில் ஜெயகாந்தன் எழுதிய சிறுகதைகளுக்காகவும்தான். குறுக்கெழுத்துப் பரிசுக்காக அல்ல.

அந்த இதழ்கள் தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் மலாயாவில் முதலில் தொட்ட துறைமுகங்களில் ஒன்று பினாங்கு. ஆட்களோடு ஏடுகளும் வந்தன. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது அக்காலத் தோட்டப்புறங்களுக்குப் பழகிய காட்சி.

ஏட்டிலிருந்து திரைக்கு

வாசன் தாமே எழுதவும் செய்தார். அவர் விகடனில் எழுதிய 'சதிலீலாவதி' தொடர்கதை 1936-இல் திரைப்படமாக வந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றினார். எழுத்தில் பிடித்த கதையைத் திரையிலும் பார்க்க மக்கள் வருவார்கள் என்பதை வாசன் கண்கூடாகப் பார்த்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொரு பாடம். கல்கியின் 'தியாகபூமி' விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த அதே சமயம், கே.சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிப் புகைப்படங்களே அச்சாயின. வாரா வாரம் கதை படித்த வாசகருக்கு நடிகர்களின் முகங்கள் முன்பே பழகிவிட்டன. 1939-இல் படம் வெளியானபோது அதற்குத் தனியாக அறிமுகம் தேவைப்படவில்லை. கதை படத்தையும், படம் கதையையும் விற்றுக் கொடுத்தன. ஓர் உள்ளடக்கத்தைப் பல தளங்களில் கொண்டு செல்வது பற்றி இன்றைய சந்தைப்படுத்தல் வகுப்புகளில் பேசுகிறார்கள். தமிழில் அது 1939-லேயே நடந்துவிட்டது.

படங்களை வாங்கி விநியோகிக்கும் தொழிலில் வாசன் ஏற்கெனவே இறங்கியிருந்தார். இந்நிலையில் கே.சுப்பிரமணியத்தின் படப்பிடிப்பு நிலையம் தீ விபத்துக்குள்ளாகி, கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. 1940-இல் வாசன் அதை ஏலத்தில் எடுத்தார். தொகை 86,427 ரூபாயும் சில்லறையும் என்று சொல்வார்கள். தீப்பட்ட இடத்தைச் செப்பனிட்டு ஜெமினி ஸ்டூடியோ என்று பெயர் சூட்டினார். கொம்பு ஊதும் இரட்டைக் குழந்தைகள் அதன் சின்னம். தமிழ் படிக்கத் தெரியாதவரும் அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் இது ஜெமினி படம் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஜெமினியின் முதல் படம் 1941-இல் வெளிவந்த 'மதன காமராஜன்'. அதை இயக்கிய பி.என்.ராவ் பின்னாளில் சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்களை இயக்கியவர். பினாங்கில் பிறந்த கலைஞர் பி.ரம்லி நடித்த 'ஹூஜான் பானாஸ்' அவர் இயக்கியதுதான். சென்னை ஜெமினியில் படம் இயக்கிய கை, பினாங்குப் பிள்ளையின் படத்துக்கும் உழைத்தது என்பது நம் வட்டாரத்தார் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம்.

கதை இல்லாமல் ஒரு விளம்பரம்

'நந்தனார்', தெலுங்கில் 'பாலநாகம்மா', 'மங்கம்மா சபதம்' என்று வெற்றிகள் வந்தன. 1943-இல் அவற்றைவிடப் பெரிய படம் ஒன்று எடுக்க வாசன் முடிவு செய்தார். கதை இலாகாவினர் துணிச்சலான ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார்கள். கதை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் பிடித்துவிட்டது. சந்திரலேகா. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த படம் இதுதான் என்று அறிவித்துவிட்டார். கதை எழுதப்படவே இல்லை.

மாதங்கள் ஓடியும் கதை அமையவில்லை. பொறுமையிழந்த வாசன், சந்திரலேகாவை ஒதுக்கிவிட்டு 'ஔவையார்' படத்தை எடுக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனார். கடைசி நேரத்தில் கதை இலாகாவைச் சேர்ந்த வேப்பத்தூர் கிட்டு, ஆங்கில நாவல் ஒன்றில் படித்த காட்சியிலிருந்து ஒரு கரு கண்டுபிடித்தார். அரியணைக்கு அடித்துக்கொள்ளும் இரு இளவரசர்கள், அவர்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும் ஒரு நாட்டியக்காரி என்று கதை வளர்ந்தது.

படம் முடிய ஐந்து ஆண்டுகள் ஆயின. இயக்குநர் பாதியில் விலக, வாசனே இயக்கத்தை ஏற்றார். சர்க்கஸ் கூட்டத்தையே வரவழைத்துக் காட்சிகள் எடுத்தார். பேரிகைகளின் மேல் ஆடும் நடனத்துக்குச் சுமார் 400 கலைஞர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். டி.ஆர்.ராஜகுமாரி, எம்.கே.ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்தார்கள். செலவு 30 லட்சம் ரூபாயைத் தொட்டது. அந்நாளில் இந்தியாவில் எந்தப் படத்துக்கும் கேள்விப்படாத தொகை அது. கையில் இருந்த பணம் தீர்ந்தது. வாசன் சொத்துகளை அடகு வைத்தார். நண்பர்களிடம் கடன் வாங்கினார்.

பெயரை அறிவித்து ஐந்து ஆண்டுகள் ஆகியும் பொருளைக் காட்டாத விளம்பரதாரர், தம் வீட்டையும் விகடனையும் ஸ்டூடியோவையும் நம்பியிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டார். பெட்டி திறக்கும் நாள் 1948 ஏப்ரல் 9.

அன்று தென்னிந்தியாவில் 40-க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் 'சந்திரலேகா' ஒரே நாளில் வெளியானது. அக்காலத்தில் ஒரு படம் சில ஊர்களில் ஓடி முடிந்த பின், அதே பிரதிகள் அடுத்த ஊர்களுக்குப் போகும். இத்தனை ஊர்களில் ஒரே நாளில் திரையிடப் பிரதிகளுக்கே பெரும் பணம் வேண்டும். ஆனால் விளம்பரம் எங்கும் ஒரே வேகத்தில் பரவும்போது, பொருளும் எங்கும் ஒரே வேளையில் கிடைக்க வேண்டும் என்பது தபால் வியாபாரம் செய்தவருக்குத் தெரியாதா?

இரண்டாவது சந்தை

மக்கள் திரண்டு வந்தார்கள். பேரிகை நடனம் முடிந்ததும் அந்தப் பேரிகைகளுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்ந்து வரும் காட்சி ஊரெங்கும் பேச்சானது. ஆனாலும் கணக்கைப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. தமிழ்ச் சந்தை மட்டும் அந்தப் படத்தின் செலவைத் தாங்காது.

படத்தை ஓடவிட்டு, வந்தது வரட்டும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. தென்னகத்தில் எடுத்த படங்களை வட இந்தியர்கள் பெரிதாக எண்ணாத காலம் அது. வாசன் அந்தச் சந்தையைக் குறிவைத்தார். தமிழ்ப் படத்துக்குக் குரல் மட்டும் மாற்றி அனுப்பவில்லை. இந்தி எழுத்தாளர்களை அமர்த்தி வசனம் எழுத வைத்தார். புதிய காட்சிகளையும் பாடல்களையும் சேர்த்தார். வாங்குபவர் வேறு என்றால் பொருளையும் அவருக்கேற்பச் சீர்செய்ய வேண்டும் என்ற வியாபாரப் பாடம் அது.

1948 டிசம்பரில் இந்தி 'சந்திரலேகா' 600-க்கும் மேற்பட்ட பிரதிகளோடு நாடெங்கும் இறங்கியது. நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. நகரங்களில் பெரும் பலகைகள் எழுந்தன. படம் மாபெரும் வெற்றி பெற்றது. அடகு வைத்தவை மீண்டன. சென்னையிலிருந்து எடுக்கும் படத்தை நாடு முழுவதும் விற்க முடியும் என்ற நம்பிக்கை மற்ற தயாரிப்பாளர்களுக்கும் பிறந்தது. அந்த வழியில் ஏவி.எம். உள்ளிட்ட நிறுவனங்களும் இந்திச் சந்தைக்குள் நுழைந்தன.

விளம்பரத்தால்தான் 'சந்திரலேகா' வென்றது என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். அதற்கு முந்தைய ஆண்டு, ஆர்.கே.நாராயணின் கதையை வைத்து ஜெமினி எடுத்த 'மிஸ் மாலினி'யை விவரமறிந்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் மக்கள் வரவில்லை. ஜெமினியின் பெயரும் விளம்பரமும் அதற்கும் இருந்தன. விளம்பரம் ஆளைத் திரையரங்கின் வாசல் வரைதான் அழைத்து வரும். உள்ளே போனவரை மறுநாள் இன்னொருவரிடம் பேச வைப்பது படத்தின் வேலை. 'சந்திரலேகா'வின் பேரிகைகள் அந்த வேலையைச் செய்தன.

மாதச் சம்பளம் வாங்கிய கலைஞர்கள்

கலை சோறு போடுமா என்ற கேள்விக்கு வாசனின் வாழ்க்கையில் இன்னொரு பதிலும் இருக்கிறது. அது அவரைப் பற்றியதல்ல. அவரிடம் வேலை செய்தவர்களைப் பற்றியது. ஜெமினியில் கதை எழுதுபவர், பாட்டு எழுதுபவர், ஒப்பனை செய்பவர், தச்சர், ஓவியர் என்று பலரும் மாதச் சம்பளக்காரர்கள். கலைஞனுக்கு இன்று காசு, நாளை பட்டினி என்ற நிலையை ஓரளவு மாற்றிக் காட்டிய இடம் அது.

கொத்தமங்கலம் சுப்பு அங்கே கதை, பாட்டு, நடிப்பு, இயக்கம் என்று எல்லாமாக இருந்தார். பின்னர் அவர் கலைமணி என்ற பெயரில் விகடனில் எழுதிய தொடர்தான் 'தில்லானா மோகனாம்பாள்'. அதற்குக் கோபுலு வரைந்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. நடிகர்களைத் தேர்வு செய்யும் பிரிவில் வேலை பார்த்த கணேசன் என்ற இளைஞர், நிறுவனத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு ஜெமினி கணேசன் ஆனார். எழுத்தாளர் அசோகமித்திரன் இளமையில் ஜெமினியில் பணியாற்றினார். செய்தித்தாள்களிலிருந்து துண்டுகளை வெட்டிச் சேகரித்து வைப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அந்த அனுபவத்தைப் பின்னாளில் அவர் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார்.

வாசனிடம் தொழில் கற்றவர்கள் அவரை விட்டுப் போகவும் செய்தார்கள். கல்கியும், விகடனின் விளம்பரப் பிரிவில் இருந்த டி.சதாசிவமும் விலகி, 1941-இல் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நடித்துப் பெற்ற பணம் அதற்கு முதலானது. விகடனுக்கு அது பெரிய இழப்பு. ஆனால் இதழ் நிற்கவில்லை. தேவன் பொறுப்பேற்று நடத்தினார். தமிழ் வாசகருக்கு ஒன்றுக்கு இரண்டாக நல்ல ஏடுகள் கிடைத்தன. கோபுலுவும் பிற்காலத்தில் விளம்பரத் துறைக்குப் போய்ப் பெயர் பெற்றார்.

இறுதிக் காலம்

1953-இல் கே.பி.சுந்தராம்பாள் நடித்த 'ஔவையார்' வந்தது. ஒருகாலத்தில் சந்திரலேகாவுக்கு மாற்றாக நினைத்த படத்தை வாசன் மறக்கவில்லை. 1955-இல் திலீப் குமாரையும் தேவ் ஆனந்தையும் ஒரே படத்தில் நடிக்க வைத்து 'இன்சானியத்' எடுத்தார். 1958-இல் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடிய 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' வெளிவந்தது. தோட்டத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாட்களைக் கண்ட நம் மூத்த தலைமுறைக்கு அந்த நடனத்தை நினைவூட்டத் தேவையில்லை.

1960-களில் திரைத்தொழில் மாறியது. நடிகர்களின் சம்பளம் உயர்ந்தது. நூற்றுக்கணக்கானோரை மாதச் சம்பளத்தில் வைத்து ஸ்டூடியோ நடத்துவது பாரமாயிற்று. ஜெமினியும் அந்தச் சுமையை உணர்ந்தது. 1964-இல் வாசன் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். 1968-இல் ஜெமினி தயாரித்த 'ஒளிவிளக்கு' வெளியானது. அது எம்.ஜி.ஆரின் 100-வது படம். வாசனின் கதையில் திரைக்கு அறிமுகமான நடிகர், 32 ஆண்டுகள் கழித்து அவருடைய நிறுவனத்தின் படத்திலேயே நூறைத் தொட்டார்.

1969-இல் இந்திய அரசு வாசனுக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் அவர் காலமானார். ஸ்டூடியோவும் பின்னர் இல்லாமல் போனது. அது இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஹோட்டல் ஒன்று நிற்கிறது. அருகில் 1973-இல் கட்டிய அண்ணா மேம்பாலத்தைச் சென்னைவாசிகள் இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றே அழைக்கிறார்கள். கட்டடம் போன பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. 200 ரூபாய்க்கு வாங்கிய விகடனை மகன் எஸ்.பாலசுப்ரமணியன் தொடர்ந்து நடத்தி, கல்லூரி மாணவர்களுக்குப் பத்திரிகைப் பயிற்சி தரும் திட்டத்தையும் கொண்டுவந்தார். அந்த ஏடு இன்றும் வெளிவருகிறது.

நம் பிள்ளைகளுக்கு

இன்று சுங்கை பாக்காப்பில் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு உறவினரின் பலகாரக் கடைக்குக் காணொளி எடுத்துக் கொடுக்கும் பிள்ளையும், கோயில் திருவிழாவுக்குப் பதாகை வடிவமைக்கும் பிள்ளையும் செய்வது வாசன் தொடங்கிய அதே வேலைதான். அடுத்தவர் சரக்கை விற்றுக் கொடுப்பது சிறிய வேலை அல்ல. வாங்குபவரின் மனத்தை அறிந்துகொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அதற்காக எல்லாரும் வாசனைப் போல வீட்டை அடகு வைக்க வேண்டும் என்பதில்லை. அவரும் அந்தத் துணிச்சலுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. விளம்பரம் சேகரித்தது, தபாலில் பொருள் விற்றது, ஏடு நடத்தியது, படம் விநியோகித்தது என்று ஒவ்வொரு படியிலும் கற்றுக்கொண்டு, 15 ஆண்டுகளுக்கும் மேலான அனுபவத்துக்குப் பிறகே 'சந்திரலேகா'வை அறிவித்தார். துணிச்சலுக்கு முன்னால் அத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தது.

பிள்ளை இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று கேட்டால், பெற்றோர் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். இதுவரை யாருக்கு என்ன விற்றுக் கொடுத்தாய், அவர் மறுமுறையும் உன்னிடம் வந்தாரா என்று கேட்டுப் பார்க்கலாம். வந்தார் என்று பிள்ளை சொன்னால், சோறு போடுமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.